முகூர்த்தத்துக்குப் போன ஜீப்

என் மனைவியின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. செந்தமிழ் எல்லாம் பெயரோடு சரி. அவள் வாயைத் திறந்தால் கச்சிராயபாளையம் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற ஆண்பிள்ளை டிரைவர்கள் அத்தனை பேரும் மெதுவாக டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அங்கிருந்து கல்வராயன் மலைக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப்போய் இறக்குவது அவள் தொழில். ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். அதற்கு என்ன வயது என்று யாராவது கேட்டால், "உன் வயசு இன்னான்னு நான் கேட்டனா?" என்பாள்.

நான் ராமசாமி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். எனக்கு மலைப்பாதை ஆகாது. முதல் வளைவில் தலை சுற்றும், இரண்டாவது வளைவில் வயிறு சுற்றும், மூன்றாவதில் நடப்பதைச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்களும் இருக்கலாம். பெண்டாட்டி மலை ஏற்றத்தில் ஜீப் ஓட்டுகிறாள், புருஷன் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான் என்று ஊரே சிரிக்கும். சிரிக்கட்டுமே. சிரிக்கிறவன் எவனாவது என் வயிற்றை வாங்கிக்கொள்கிறானா?

அவள் வண்டி ஓட்டக் கற்றது கரும்பு வண்டியில். அவள் அப்பா நாராயணசாமிக்குக் கோமுகி அணைப் பாசனத்தில் கரும்பு. வெட்டுக் காலத்தில் டிராக்டருக்கு ஆள் வராத ஒரு நாள், இவளே ஏறி உட்கார்ந்து பாரம் முழுவதையும் ஆலை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அவளைக் கீழே இறக்க யாராலும் முடியவில்லை. பெண் பார்க்கப் போனபோது அவள் காபித் தட்டோடு வரவில்லை. வயலிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கி, "நீங்கதான் மாப்ளயா? செத்த நேரம் இருங்க, கை கழுவிக்கினு வரேன்" என்றாள். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்காருவாள்.

அந்த ஜீப்பைத்தான் எனக்குப் பிடிக்காது. காலையில் அதைக் கிளப்புவதே தனி நாடகம். சோக்கை இழுப்பாள், காலால் ஸ்டார்ட்டரை மிதிப்பாள், அது கிர்ர் கிர்ர் என்று முனகும். உடனே இவள் குரல் இளகிவிடும். "எந்திரிடா ராஜா. எந்திரிடா கண்ணு. நாழியாவுதில்ல?" என்பாள். எனக்குக் காபி தரும்போது இந்தக் குரல் வந்ததே கிடையாது. "அந்தா வச்சிருக்கேன், ஆறிப்போவுது" என்பதோடு சரி. ஒரு தகர டப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட புருஷன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இது ஒழிந்துபோனால் வெள்ளிக்கிழமைதோறும் நெய்விளக்கு போடுகிறேன் என்று பல வருடமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

ஸ்டாண்டில் சுபாஷ் என்று ஒரு பையன் இருக்கிறான். புதுக் கார் வைத்திருக்கிறான், உள்ளே ஏசி, பாட்டு, எல்லாம் உண்டு. மலையில் கல்யாணம் என்றால் பெண்ணழைப்பு அவனுக்குத்தான் போகும். செல்விக்கு அரிசி மூட்டையும் சாமியானா பந்தல் கம்பும்தான் வரும். இதில் அவளுக்கு உள்ளூர ஒரு குறை. ஒரு கல்யாணப் பெண்ணையாவது தன் ஜீப்பில் ஏற்றிப்போய் மணவறை வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று ஆசை. வெளியே சொல்லமாட்டாள். ஆனால் மாலை போட்ட கார் ஒன்று தாண்டிப் போனால் அது வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்படி இருக்கும்போது மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்புறம் இருக்கிற பெருமாயி மகள் கவியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கவியா கச்சிராயபாளையத்தில் பள்ளிக்கூடம் படித்தவள். விடுதிக்கு வரவும் வீட்டுக்குப் போகவும் செல்வியின் ஜீப்தான். இப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளே ஸ்டாண்டுக்கு வந்து செல்வியின் கையில் பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் வைத்து, "அக்கா, வெள்ளிக்கிழம காலைல கள்ளக்குறிச்சி பார்லர்ல மேக்கப்பு. அங்கேருந்து என்ன நீதான் மேல கூட்டிக்கினு போவணும். வேற வண்டில ஏறமாட்டேன்" என்றாள்.

செல்வி பத்திரிகையைப் பார்க்கவே இல்லை, அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். சுபாஷும் இருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா அவன்?

"இன்னாக்கா, பொண்ண இதுலயா ஏத்தப் போற? பாதி வழில நின்னுக்கிச்சின்னா தாலிய ஸ்டெப்னிக்குக் கட்டுவாங்களா?"

ஸ்டாண்டே கொல்லென்று சிரித்தது. செல்வியின் முகம் சிவந்துவிட்டது. பானட்டில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

"கேட்டுக்கோடா. வெள்ளிக்கிழம பத்தரைக்குள்ள பொண்ண மணவறைல கொண்டுபோய் உக்கார வெக்கல, இந்த ஸ்டியரிங்க இனிமே நான் தொடமாட்டேன். எங்கப்பா மேல சத்தியம்!"

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். முகூர்த்தம் அதற்குள் முடிந்தாக வேண்டும் என்பதால்தான் அந்தக் கணக்கு. சிரித்தவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். செல்வி சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளோடு சண்டை போட்டு, "உன் வூட்டு வாசல மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சமாதானம் ஆன பிறகும் கொல்லைப்புறமாகத்தான் இன்றைக்கும் போய்வருகிறாள். என் மனசில் என்ன ஓடியது என்று கேட்டால், நெய்விளக்குக்கு நெய் வாங்க வேண்டியதுதான் என்று ஓடியது. பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே கள்ளக்குறிச்சி பார்லர் வாசலில் ஜீப்பை நிறுத்தியாகிவிட்டது. டேங்க் நிறையப் பெட்ரோல். கவியா உள்ளே போனாள். பெருமாயி, பெருமாயியின் அண்ணன் பச்சமுத்து, செல்வி, நான் என்று நான்கு பேர் வெளியே. உள்ளே போன பெண் வந்தபாடில்லை. பெருமாயி போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்து, "இன்னும் ஒரு கண்ணுதான் முடிஞ்சிருக்குது" என்று சொன்னாள்.

செல்விக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பெண்ணுக்கு உள்ளே அலங்காரம் நடக்கிறதே, ஜீப்புக்கு வெளியே நடக்க வேண்டாமா? பையிலிருந்து சந்தனத்தையும் மஞ்சளையும் எடுத்துக் கெட்டியாகக் குழைத்தாள். அமாவாசை அமாவாசைக்கு ஸ்டியரிங், ஹெட்லைட், பானட் என்று நாலைந்து இடத்தில் பொட்டு வைப்பது எல்லா டிரைவரும் செய்கிறதுதான். அன்றைக்கு அவளுக்குக் கை நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பொட்டு. ஹார்னுக்குப் பொட்டு. ஜாக்கிக்குப் பொட்டு. ஸ்பேனரை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அதற்கும் பொட்டு. ஸ்டெப்னி, நம்பர் பிளேட், பெட்ரோல் டேங்க் மூடி, கதவுக் கொண்டி, எதுவும் தப்பவில்லை. எல்லாம் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். நான் வாசலில் அசந்து உட்கார்ந்திருந்தேன், எழுந்து பார்த்தால் என் நெற்றியிலும் ஒன்று இருந்தது.

"நான் இன்னா, வண்டி பார்ட்ஸா?" என்றேன்.

"ஆமா, ஓடாத பார்ட்ஸு" என்றாள். பச்சமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! ஆனால் பொட்டை அழிக்கவில்லை.

வெயில் ஏறிச் சந்தனமெல்லாம் காய்ந்து இறுகிய பிறகுதான் கவியா வெளியே வந்தாள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. தலையில் பூவைவிட ஊசி ஜாஸ்தி. செல்வி அவளைத் தூக்காத குறையாக முன் சீட்டில் உட்கார வைத்து, ஸ்டார்ட்டரை மிதித்தாள். ராஜா ஒரே மிதியில் எழுந்துவிட்டான். "பாத்தியா? கல்யாணம்னு அதுக்கே தெரியுது!" என்று கத்திக்கொண்டே கிளப்பினாள். கச்சிராயபாளையம் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஹார்னில் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை. பெருமாயி குலவை விட்டாள். பச்சமுத்து துண்டைச் சுழற்றினார். நான் எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்தேன்.

அணையைத் தாண்டி மலை ஏற்றம் தொடங்கிய இடத்தில் ஜீப் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது.

செல்வி ஸ்டார்ட்டரை மிதித்தாள். கிர்ர் கிர்ர். எழவில்லை. கொஞ்சினாள். எழவில்லை. பச்சமுத்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் வைத்திருந்தது ஒரு தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான், ஆனால் உலகத்தில் எந்த இன்ஜின் நின்றாலும் காரணம் பிளக்குதான் என்பது அவர் கட்சி.

"தங்கச்சி, பிளக்க கழட்டு. கரி புடிச்சிருக்கும்" என்றார் செல்வியிடம்.

கழற்றினார்கள். பெரிதாகக் கரி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவர் தன் புதுத் துண்டிலேயே துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினார். அதற்குள் செல்வி, பெட்ரோல் எங்கேயாவது ஒழுகிவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே புஸ்ஸென்று ஒரு சத்தம். குச்சி விட்டுப் பார்த்தாள், பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு வந்து மிதித்தாள். கிளம்பிவிட்டது!

"சொன்னன்ல? பிளக்கு!" பச்சமுத்துவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கரி படிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த நான்கு வளைவுக்கும் பிளக்கைப் பற்றியே பேசினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வாந்தியைவிட அது மோசம்.

மலையின் நடுவில் ஓர் ஏற்றத்தில் மறுபடி குலுக்கியது, மறுபடி நின்றது.

இந்தத் தடவை பெருமாயி முறை. "கண்ணு பட்டுப்போச்சி. ஸ்டாண்டுல எல்லாப் பயலும் பாத்தான்ல, அதான்" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவள், சுற்றும் முற்றும் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நான் சுதாரிப்பதற்குள் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது என்னுதும்மா! மலைக்கு வெச்சிருக்கேன்!"

"சாமி காரியத்துக்குக் குடு தம்பி, புண்ணியமாப் போவும்."

ஜீப்பை மூன்று சுற்று சுற்றி, பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, மண்ணை அள்ளித் தூவினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பச்சமுத்து வேறு மறுபடி, "பிளக்கு..." என்று ஆரம்பித்தார். "பிளக்கும் இல்ல, மண்ணும் இல்ல, பெட்ரோல் காலி ஆயிருக்கும்!" என்று கத்திக்கொண்டே போய் நானே டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ். பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டு மூடினேன். செல்வி மிதித்தாள். கிளம்பியது.

பெருமாயி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பச்சமுத்து, பிளக்கு சூடு ஆறியதால்தான் கிளம்பியது என்றார். அண்ணனும் தங்கையும் ஜீப்புக்குள் அடித்துக்கொண்டார்கள். கவியா சிரித்த சிரிப்பில் மை கலைந்து கன்னத்தில் இறங்கியது. பெற்றவள் முந்தானையால் துடைக்கப் போய் அது காதுவரை போயிற்று. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பேசியில் மணி பார்ப்பாள், ஏற்றத்தைப் பார்ப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போடுவாள். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

மூன்றாவது தடவை நின்ற இடத்தில் வீடு வாசல் எதுவும் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சாமை விதைத்த சரிவு. பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள். எலுமிச்சம்பழம் இல்லாததால் பெருமாயி ஒரு கல்லை வைத்துச் சுற்றினாள். கிர்ர் கிர்ர். ஒன்றும் இல்லை. பெட்ரோலை இப்போதுதானே பார்த்தோம் என்று யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. தள்ளினோம். கல்யாணப் பெண் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, "ஏலேலோ" என்று கத்திக்கொண்டு தள்ளினாள். தலையிலிருந்து பூ உதிர்ந்துகொண்டே வந்தது. ஏற்றத்தில் தள்ளினால் எங்கே போகும்? நாங்கள் முன்னால் ஓரடி தள்ளினால் அது பின்னால் இரண்டடி வந்தது. கடைசியில் பச்சமுத்து ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அணை வைத்துவிட்டு, நடுரோட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

எனக்கு எலுமிச்சம்பழமும் இல்லை, வெயிலும் ஏறுகிறது, தலையும் சுற்றுகிறது. வாயில் வந்துவிட்டது. "தலப்பாடா அடிச்சிக்கினேன், இத காயலாங்கடைல போடு, காயலாங்கடைல போடுன்னு. கேட்டியா நீ?"

வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பித் தருகிறவள், அன்றைக்கு ஏற்றத்தையே பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போது கீழேயிருந்து ஹார்ன் சத்தம். சுபாஷின் கார். மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தவன், பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். முன் சீட் காலியாக இருந்தது.

செல்விதான் முதலில் பேசினாள். "கவியா, ஏறு. அதுல போயிடு. நேரமாவுது."

"நான் மாட்டேன்" என்றாள் கவியா. ஒரே தாவில் ஜீப்பின் பானட் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மை வழிந்த முகம், கழுத்தில் தொங்குகிற ஊசிகள், கையெல்லாம் கிரீஸ். "நான் அதுல ஏறுனா நீ ஸ்டியரிங்க வுட்டுருவ. எனக்குத் தெரியாதா? இந்த வண்டி எப்ப கெளம்புதோ அப்ப போறேன். மாப்ள குமாரு காத்துக்கினு இருக்கட்டும். ஆம்பளைங்க கொஞ்சம் காத்துக்கினு இருந்தா இன்னா?"

பெருமாயி தலையில் அடித்துக்கொண்டாள். செல்வி கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்து இழுத்தாள். பானட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் பெண் அசையவே இல்லை. சுபாஷ் இறங்கி வந்து பார்த்தான். உண்மையைச் சொன்னால் அவன் முகத்திலும் கிண்டல் குறைந்துதான் போயிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க்கா, பெட்ரோலாவது போட்டியா?"

"வந்து பாருடா!" செல்வி வெறி வந்தவளாகப் போய் டேங்க் மூடியைத் திருகினாள். "நல்லாப் பாரு! வழியுது!"

புஸ்.

அவள் அப்படியே நின்றாள். மூடியை மறுபடி போட்டாள். மறுபடி திறந்தாள். கையில் இருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அதன் நடுவில், காய்ந்து கல்லாகிப்போன சந்தனம், அதன் நடுவில் அழகான குங்குமம். "அய்யோ!" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரித்தாள், குனிந்து சிரித்தாள், கடைசியில் ரோட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நான் பயந்தேபோனேன்.

"காத்துங்க! மூடில இருக்கற ஓட்டைய நானே பொட்டு வெச்சி அடச்சிட்டேங்க!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டலில் எண்ணெய் டின்னுக்கு ஓர் ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது. காற்று போக எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட வேண்டும். அந்த இன்னோர் ஓட்டைதான் ஜீப்பில் டேங்க் மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் டேங்க் பெட்ரோலை விடாது, வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று போகும், கிளம்பும், மறுபடி நிற்கும். பிளக்கும் இல்லை, கண்ணேறும் இல்லை. என் எலுமிச்சம்பழம் அநியாயமாகச் செத்தது.

கவியா பானட்டிலிருந்து குதித்து, தலையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தாள். செல்வி சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையில் ஊசியை விட்டுக் குடைந்து, வாயை வைத்து ஊதினாள். மூடியைப் போட்டு மிதித்தாள். ராஜா உறுமிக்கொண்டு எழுந்தான். சுபாஷ் அவனை அறியாமல் விசில் அடித்தான். எல்லோரும் விழுந்தடித்து ஏறினோம். அதற்கப்புறம் அவள் ஓட்டிய ஓட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை, பெருமாயியின் மடியில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தேன். மூன்றாவது வளைவில் நடப்பது எல்லா வளைவிலும் நடந்தது.

ஜீப் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் யாரும் மேளம் அடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சக்கரவர்த்தி வாசலுக்கு வந்து, "ராகுகாலம் பொறந்துடுச்சிம்மா. அதனால இன்னா, பன்னெண்டு தாண்டட்டும், கட்டிக்கலாம். எல்லாம் மொதல்ல சாப்புடுங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஊரே சந்தோஷமாகப் பந்திக்கு உட்கார்ந்துவிட்டது. தாலிக்கு முன்னால் பாயசம் சாப்பிட்ட கல்யாணம் அது ஒன்றுதான் நான் பார்த்தது. கவியா முகம் கழுவி, தலையைத் தானே வாரி முடிந்துகொண்டு வந்தாள். மாப்பிள்ளை குமார் அவள் விரலில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, தாலி கட்டுகிறவரை சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான்.

கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் பந்தலுக்கு வெளியே ஜீப்புக்கு எதிரில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. செல்வி அட்சதை போட்டுவிட்டு வந்தவள், சாப்பிடவும் இல்லை. நான் போனதும் சாவியை நீட்டினாள்.

"இந்தாங்க. யாருக்காவது குடுத்துருங்க. காயலாங்கடைன்னாலும் சரி."

"கல்யாணந்தான் நல்லபடியா முடிஞ்சிதே?"

"பத்தரைக்குள்ளன்னு சொன்னேன். எங்கப்பா மேல சத்தியம் பண்ணேன். என் கையாலயே அடச்சிக்கினேன், யார இன்னா சொல்றது?" புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ஒரு கல்யாணங்க. ஒரே ஒரு கல்யாணம் கேட்டேன்."

சாவியை வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் வேண்டிக்கொண்டது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இனிமேல் காலையில் இவள் யாரை எழுப்புவாள்? ஸ்டாண்டில் யாரைத் திட்டுவாள்? வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்குச் சூடாகக் காபி தருகிற செல்வியை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தக் காபி வேண்டாம்.

போய் ஜீப்பில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சுபாஷ் மெல்லுவதை நிறுத்தினான். பச்சமுத்து ஓடி வந்தார். பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். சாவியைத் துளையில் நுழைத்தேன். நுழைத்ததோடு சரி, திருப்பவில்லை. சோக்கை முழுக்க இழுத்தேன். ஸ்டார்ட்டரை மிதித்தேன். கிர்ர். கிர்ர். கிர்ர். சாவி திருப்பாவிட்டாலும் அது முனகும், எழுந்திருக்காது. அந்த அளவு எனக்குத் தெரியும்.

செல்வி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் தோள் ஒவ்வொரு கிர்ருக்கும் துள்ளியது.

"தங்கச்சி, பிளக்கா இருக்குமோ?" என்றார் பச்சமுத்து.

"பிளக்கும் இல்ல கிளக்கும் இல்ல!" அவள் எழுந்துவிட்டாள். "யோவ்! வுடுய்யா! பேட்டரி செத்துடும்யா!" ஓடி வந்து என்னைத் தள்ளினாள் பாருங்கள், நான் அந்தப் பக்கத்துச் சீட்டில் போய் விழுந்தேன். தாவி ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சாவியில். திருப்பினாள், மிதித்தாள். ராஜா ஒரே மிதியில் எழுந்தான்.

"சாவியே திருப்பல! திருப்பாம இன்னாத்த அமுக்கிக்கினு..."

நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேதான செஞ்ச?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் புரோட்டா போடறவன்."

"சத்தியம்?"

"அதான் தொட்டுட்டியே. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

கையை எடுக்கப்போகிறாள் என்று எனக்குப் பயம். அவள் எடுக்கவில்லை. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள், கூட்டத்தைப் பார்த்து, ஸ்டாண்டில் கத்துகிற அதே குரலில், "கீழ போறவங்கல்லாம் ஏறுங்க! வண்டி கெளம்பப் போவுது!" என்று கத்தினாள்.

ஏற்கெனவே உள்ளே விழுந்து கிடந்த நான், எழுந்து நேராக உட்கார்ந்துகொண்டேன்.